காக்கா பிடிக்கத் தெரியாத டாக்டருக்கு

கேள்வி: பொது மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டாக்டர். உடன் படிப்பவர்களில் சிலருக்கு அப்பாவோ சித்தப்பாவோ டாக்டர். மாநாட்டுக்குப் போனால் பெரிய பேராசிரியர்கள் அவர்கள் தோளைத் தட்டி, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று விசாரிக்கிறார்கள். நான் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். சென்ற மாதம் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போய், ஒருவரிடம்கூடப் பேசாமல் திரும்பினேன். 'நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் இந்தத் தொழிலில் மேலே வர முடியாது' என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு அது காக்கா பிடிப்பதாகவே படுகிறது. பயிற்சி முடிய ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம்? லிங்க்ட்இன் கணக்கு தொடங்க வேண்டுமா? விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம், அம்மா.)

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் சீனியர்கள் சொன்னது உண்மைதான். அதை மழுப்ப மாட்டேன். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் துறையை எடுக்கலாம், யாரிடம் பயிற்சி பெறலாம், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்துவிடும். நீங்கள் அதை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். இதில் நியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தோள்தட்டலைப் பார்த்து ரொம்பவும் ஏங்காதீர்கள். "அப்பா எப்படி இருக்கிறார்?" என்பது அப்பாவைப் பற்றிய கேள்வி. அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட டாக்டர் என்று கேட்டவருக்கு இன்னும் தெரியாது.

நான் நோயியல் மருத்துவர். முப்பது ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். எங்கள் துறையை மருத்துவமனையில் யாரும் வழிதவறித்தான் எட்டிப்பார்ப்பார்கள். அதனால், தேடிக்கொண்டு வருகிறவர்களின் முகம் நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் நாற்காலியிலிருந்தே பதில் சொல்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு பயிற்சி டாக்டர் எப்படித் தெரிகிறார் என்பதை உங்கள் சீனியர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பயாப்ஸி, அதாவது சோதனைக்காக நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த திசுத் துண்டு, வரும்போது கூடவே ஒரு படிவமும் வரும். நோயாளியின் பெயர், வயது, எடுத்த இடம், மருத்துவ விவரம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் பாதிப் பேர் 'ஆய்வு செய்க' என்று எழுதுவார்கள். ஆய்வு செய்யாமல் அதை நான் என்ன செய்யப்போகிறேன்? சிலர் அதையும் எழுதாமல் ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். ஒரு நாள் இப்படித்தான் கழுத்திலிருந்து எடுத்த நிணநீர்க் கணு ஒன்று வந்தது. 'கழுத்தில் கட்டி' என்று இரண்டே சொல். பார்த்தேன், குறிப்பாக எதுவும் இல்லை, 'குறிப்பிட்டுச் சொல்ல இயலாத அழற்சி' என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் ஒரு பெண் வந்து கதவருகே நின்றாள். உங்களைப் போலவே இரண்டாம் ஆண்டு. கையில் கேஸ் ஷீட். "அம்மா, படிவத்தில் சரியாக எழுதாமல் அனுப்பியது எங்கள் தவறுதான். நோயாளிக்கு ஆறு வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல். எட்டுக் கிலோ எடை குறைந்திருக்கிறது. சளியில் ஒன்றும் கிடைக்கவில்லை. காசநோயா நிணநீர்ப் புற்றுநோயா என்று தெரியாமல் சிகிச்சை தொடங்க முடியாமல் நிற்கிறோம். உங்களோடு உட்கார்ந்து அந்த ஸ்லைடை ஒரு முறை பார்க்கலாமா?" என்றாள். அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் அறிக்கை தவறு என்றும் சொல்லவில்லை.

உட்கார வைத்தேன். இரண்டு தலை வைத்த நுண்ணோக்கியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். நான் முன்பு பார்த்ததுதான் இருந்தது. ஆனால் ஆறு வாரக் காய்ச்சல் என்ற தகவல் இப்போது கையில் இருக்கிறது. திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை எடுத்து இன்னும் ஆழத்தில் சில வெட்டுகள் போடச் சொன்னேன். அடுத்த நாள் அந்த வெட்டில் நடுவில் சீஸ்போல் நைந்துபோன, கிரானுலோமா என்ற அழற்சித் திரள் ஒன்று. சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் சிவப்பாக இரண்டு மூன்று காசநோய்க் கிருமிகள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருத்திய அறிக்கை போனது.

இது வரைக்கும் நல்ல டாக்டர்கள் பலரும் செய்வார்கள். அவள் அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். "அம்மா, சிகிச்சை தொடங்கிப் பத்து நாளில் காய்ச்சல் நின்றுவிட்டது. நேற்று வீட்டுக்கு அனுப்பினோம். உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றாள். எங்கள் அறைக்கு நோயாளியின் ஒரு துண்டுதான் வரும். அந்த ஆள் பிழைத்தாரா, போனாரா என்று யாரும் வந்து சொல்வதில்லை. எங்களுக்கு மட்டுமில்லை, கதிரியக்கப் பிரிவிலும், நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும், ரத்த வங்கியிலும், மயக்கவியலிலும் இதே கதைதான். கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு. விடையோடு திரும்பி வருகிறவர்கள் அபூர்வம். மூன்று ஆண்டு கழித்து வேறொரு ஊரிலிருந்து என் பழைய தோழி போன் செய்து, தொற்றுநோய்ப் பிரிவுக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டபோது, யோசிக்காமல் என் வாயில் வந்தது அந்தப் பெண்ணின் பெயர். அவள் என்னிடம் அதுவரை எந்த உதவியும் கேட்டதில்லை.

காக்கா பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே தெரிகிறதல்லவா? காக்கா பிடிக்கிறவர் தன்னையே பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். இவள் ஒரு நோயாளியைச் சுமந்துகொண்டு வந்தாள். நீங்களும் யாரிடம் போவதானாலும் ஒரு நோயாளியோடோ ஒரு கேள்வியோடோ போங்கள். கூச்சம் பாதி அங்கேயே கழன்றுவிடும். பேசவேண்டிய பொருள் உங்களைப் பற்றியதாக இல்லாதபோது நாக்கு அவ்வளவாக ஒட்டிக்கொள்வதில்லை.

இதே வகையில் நடந்த பெரிய கதை ஒன்று நீங்கள் பாடத்தில் பாதி படித்திருப்பீர்கள். 1981இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராயல் பெர்த் மருத்துவமனையில் பாரி மார்ஷல் பயிற்சி டாக்டர். முப்பது வயதை ஒட்டியவர். ஆய்வுக்கு ஏதாவது தலைப்பு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். அதே மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979 முதல் இரைப்பை பயாப்ஸிகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று வார்டு பக்கமிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் அவருக்குத் தேவை. மார்ஷலின் மேலதிகாரி, 'போய் அவரைப் பார்' என்று அனுப்பினார். போனார். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியின் கண்டுபிடிப்பும், 2005ஆம் ஆண்டு நோபல் பரிசும் அங்கிருந்து வந்தவை.

பாடத்தில் வராத மறுபாதி உங்களுக்கு இன்னும் பயன்படும். 1983இல் மார்ஷல் தன் ஆய்வுச் சுருக்கத்தைத் தன் நாட்டு இரைப்பைக் குடலியல் சங்கத்தின் மாநாட்டுக்கு அனுப்பினார். வந்த சுருக்கங்கள் 67. ஏற்றுக்கொண்டவை 56. மார்ஷலுடையது மிச்சமிருந்த பதினொன்றில் ஒன்று. நீங்கள் சுவரோரம் நின்ற கதை இதற்கு எவ்வளவோ தேவலை. அவர் இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் இருந்த மார்ட்டின் ஸ்கிரோ என்ற நுண்ணுயிரியலாளருக்கு எழுதினார். ஸ்கிரோ வளைந்த கிருமிகளில் கைதேர்ந்தவர். இரைப்பை டாக்டர் இல்லை. ஆர்வத்தோடு வரவேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த, கேம்பிலோபாக்டர் என்ற வளைந்த கிருமிகளைப் பற்றிய பயிலரங்கில் மார்ஷல் பேசினார். சொந்தத் துறையினர் கதவைச் சாத்தியபோது பக்கத்துத் துறைக்காரர் ஒருவர் திறந்துவிட்டார்.

இது தற்செயல் இல்லை என்று சமூகவியலாளர்கள் சொல்வார்கள். மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், 'தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் சில பத்துப் பேரே. ஆனால் 2022இல் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டு வைத்துச் செய்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: நெருங்கியவரும் இல்லாமல் முற்றிலும் அந்நியரும் இல்லாமல் நடுவாந்தரத்தில் இருக்கும் அறிமுகங்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. காரணம் எளியது. உங்கள் அறைத்தோழருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். இரண்டு மாதம் உங்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போனவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாதது தெரியும்.

ஆகவே உங்கள் பட்டியலைப் பேராசிரியர்களிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் சுழற்சியில் போய்வந்த ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரையாவது நினைத்துப்பாருங்கள். உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் பயிற்சி முடித்துப் போனவர் யார்? அவருக்கு ஒரு வரி எழுதி, 'புது இடம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கலாமே. அவர் சென்ற வருடம் கடந்த அதே வாய்க்காலைத்தான் நீங்கள் அடுத்த வருடம் கடக்கப்போகிறீர்கள். பேராசிரியருக்கு அது முப்பது வருடத்துக்கு முந்தைய நினைவு. அவர் சொல்லும் வழியில் பாலம் இருந்த இடத்தில் இப்போது பாலம் இருக்காது.

சமவயதுக்காரர்களை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இன்று உங்களோடு இரவு டியூட்டியில் கண் எரிய உட்கார்ந்திருக்கும் ஆள் பதினைந்து வருடத்தில் ஒரு துறைக்குத் தலைவராக இருப்பார். அவர் உங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் இந்த வருடம்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. டியூட்டியை ஒப்படைக்கும்போது மூன்றாம் படுக்கையின் பொட்டாசியம் அளவைச் சொல்லாமல் போனவரை யாரும் மறப்பதில்லை. நான் இன்னும் ஒருவரை மறக்கவில்லை. பெயர் கேட்காதீர்கள்.

கூடவே, முடிந்தால் ஒரு சிறு வாசிப்புக் குழு தொடங்குங்கள். புகழ்பெற்ற கனடா டாக்டர் வில்லியம் ஆஸ்லர் 1875இல் மாண்ட்ரீலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒன்றைத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். தனியாளாகச் சந்தா கட்ட முடியாத மருத்துவ இதழ்களைக் கூட்டாக வாங்கிப் படிப்பதற்காகவே அந்த ஏற்பாடு. இன்று எல்லா மருத்துவமனையிலும் நடக்கும் ஜர்னல் கிளப்புக்கு அதுதான் முன்னோடி என்பார்கள். மாதம் ஒரு முறை, ஐந்து பேர், ஒரு கட்டுரை போதும். அதில் இரண்டு பேர் வேறு துறையினராக இருக்கட்டும். கூட்டத்தை நடத்துகிறவர் நீங்கள் என்றால், வெளியாள் யாரையாவது பேச அழைக்க உங்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். 'உங்களைச் சந்திக்க ஆசை' என்று எழுதுவதற்கும், 'எங்கள் குழுவுக்கு நாற்பது நிமிடம் பேச முடியுமா' என்று எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

போனைப் பற்றியும் ஒரு சொல். நள்ளிரவில் கதிரியக்கப் பிரிவைக் கூப்பிட்டு, "ஒரு சி.டி. வேண்டும், அவசரம்" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு பேசுகிறேன். ஐம்பது வயதுப் பெண். இடுப்பு அறுவை முடிந்து ஏழாம் நாள். ஒரு மணி நேரமாக மூச்சுத்திணறல், ஆக்ஸிஜன் 88, வலது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி என்று சந்தேகிக்கிறோம். கிரியாட்டினின் 0.9, ஒவ்வாமை இல்லை. கான்ட்ராஸ்டோடு சி.டி. எடுக்க முடியுமா?" இருபது விநாடிதான். உங்கள் பெயரை அவர் அப்போதே கேட்டுக்கொள்வார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பெயரைச் சொல்லாமல் 'மெடிசின் வார்டிலிருந்து' என்று பேசுவது நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம். வார்டுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

உங்கள் துறைத்தலைவருக்கும் இதுவே பொருந்தும். ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லும்போது முதல் வரியில் உங்கள் பெயரையும் வைத்துவிடுங்கள். இருபது பயிற்சி டாக்டர்கள் வந்துபோகும் பிரிவில் அவர் பெயர்களை மறப்பது ஆணவம் இல்லை, வயது. எனக்கும் ஆகிறது.

இனி மாநாடு. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு மாநாட்டில் மிகப் பெரிய பேராசிரியர் ஒருவரைத் துரத்திப் பிடித்து, "உங்கள் நூலைப் படித்துத்தான் சிறுநீரக நோயியல் கற்றுக்கொண்டேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல நூல்தான். எழுதியவர் அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார்" என்றார். இரண்டு நாள் நான் அந்தத் தூண் பக்கமே போகவில்லை. புகழ்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்: படிக்காமலேயே செய்துவிடலாம். கேள்வி கேட்க வேண்டுமானால் படித்தே ஆகவேண்டும்.

மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் சுருக்கங்களின் தொகுப்பு வந்துவிடும். அதில் உங்கள் வார்டில் இப்போது இருக்கும் நோயாளி யாருக்காவது தொடர்புள்ள மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மேடையில் பேசுகிறவர்களை விட்டுவிட்டுப் போஸ்டர் வரிசையில் தேடுங்கள். போஸ்டர் வரிசை என்பது, உங்களைப் போன்ற ஒருவர் தன் ஒரு வருட உழைப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, யாராவது வரமாட்டார்களா என்று நிற்கும் இடம். 'இந்த நோயாளிகளில் சிறுநீரகச் செயலிழப்பு இருந்தவர்களை ஏன் விலக்கினீர்கள்? எங்களுக்கு வருவோரில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது' என்று ஒரு கேள்வி போதும். அரை மணி நேரம் பேசுவார். அவருடைய வழிகாட்டி பக்கத்தில்தான் எங்காவது இருப்பார். அவரே கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவார். நீங்கள் மாநாட்டில் ஆறு பேரிடம் பேச வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கு இரண்டு பேர் என்றால் நல்ல அறுவடை.

உரை முடிந்ததும் பேச்சாளரைச் சூழும் கும்பலில் முட்டிமோதாதீர்கள். அன்று இரவோ மறுநாளோ மின்னஞ்சல் அனுப்புங்கள். அதைச் சுருக்கமாக எழுதத் தெரியாமல்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் படித்தவுடன் பதில் எழுதிய ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது:

'வணக்கம். நேற்று கல்லீரல் பயாப்ஸி பற்றி நீங்கள் பேசியதைக் கேட்ட இரண்டாம் ஆண்டு பயிற்சி டாக்டர் நான். மாதிரி மிகச் சிறியதாக இருந்தால் நார்த்திசுவின் அளவைக் குறைத்து மதிப்பிட நேரும் என்றீர்கள். எங்களுக்கு வரும் மாதிரிகள் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அவற்றில் அறிக்கை எழுதும்போது நீங்கள் என்ன வாசகம் பயன்படுத்துவீர்கள்? இரண்டு வரியில் பதில் கிடைத்தால் போதும்.'

இதில் வாழ்க்கை வரலாறு இல்லை, இணைப்பு இல்லை, 'தங்களின் பொன்னான நேரம்' இல்லை. பதில் எழுத எனக்கு நான்கு நிமிடம் பிடித்தது. 'என் எதிர்காலத்துக்கு வழிகாட்டுங்கள்' என்று வரும் கடிதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அந்த ஞாயிறு வராது. பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மனத்தில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் பெட்டியில் அன்று நானூறு கடிதங்கள் இருந்திருக்கும். வந்தால், சொன்னதைச் செய்துபார்த்து என்ன ஆயிற்று என்று ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். கழுத்துக் கட்டிப் பெண் செய்தது இதைத்தான்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் நாள் வரும். அப்போது பெரிய பெயரைத் தேடாதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் கேளுங்கள். 'இவர் ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்' என்று எழுதிய கடிதங்கள் எனக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கின்றன; ஒருவர் முகமும் நினைவில் இல்லை. 'இன்னின்ன நோயாளிக்கு இன்ன முடிவு எடுத்தார்' என்று எழுதியவை சில. அவர்களை நேர்காணலுக்குக் கூப்பிட்டோம். கேட்கும்போது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். கூட நீங்கள் அவரோடு பார்த்த நோயாளிகள் மூன்று பேரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். 'உங்களால் நல்லவிதமாக எழுத முடியுமா?' என்றும் கேட்டுவிடுங்கள். தயங்குகிறவர் அங்கேயே தயங்கிவிடுவார். அது உங்களுக்கு லாபம்.

இந்தத் தொடர்புகளில் ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. அறிமுகம் என்ற பெயரில் பயிற்சி டாக்டர்களைச் சிலர் சுரண்டுவார்கள். ஸ்லைடு தயாரிக்கச் சொல்வார்கள், தரவு சேர்க்கச் சொல்வார்கள், கட்டுரை வரும்போது உங்கள் பெயர் இருக்காது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதிலோ ஆழமாகத் திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக்கட்டுரைக்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளிலேயே, 'பெயர்கள் எந்த வரிசையில் வரும்?' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைக்காதீர்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கிறவரிடம் வேலை செய்யாமல் தப்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் தனியாக, வேலை நேரத்துக்கு வெளியே, மருத்துவமனைக்கு வெளியே வரச் சொல்கிறவர் எவ்வளவு பெரியவரானாலும் போகாதீர்கள். ஒரு சீனியரிடம் சொல்லிவையுங்கள். அவருடைய பரிந்துரை இல்லாமலும் டாக்டராக வாழலாம்.

லிங்க்ட்இன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொடங்குங்கள், தவறில்லை. பயிற்சி விவரமும் ஒரு நல்ல புகைப்படமும் போதும். மாநாட்டில் சந்தித்தவரை மறுநாள் அங்கே இணைத்துக்கொள்வது வசதி. ஆனால் அதைவிட முதலில் ஆர்சிட் எண் வாங்குங்கள்; ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கான அடையாள எண் அது. 2012 முதல் இருக்கிறது, இலவசம், பதினாறு இலக்கம். உங்கள் பெயரும் முதலெழுத்தும் கொண்ட டாக்டர்கள் உலகில் எத்தனை பேரோ. நீங்கள் எழுதியது உங்களுடையது என்று அந்த எண்தான் காட்டும். வாட்ஸ்அப் குழுக்களில் கவனம் வேண்டும். 'சுவாரசியமான கேஸ்' என்று எக்ஸ்ரே படத்தைப் போட்டுவிடுவார்கள். மூலையில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் பளிச்சென்று இருக்கும். இருநூறு பேர் உள்ள குழு அது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதையும் போடாதீர்கள். சம்மதம் இருந்தாலும் அடையாளத்தை அழித்துவிட்டுப் போடுங்கள். அங்கே பெயர் வாங்கப் போய் ஒரே இரவில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: வார்டில் இருக்கும் மூத்த செவிலியர், ஆய்வக டெக்னீஷியன், துறை அலுவலகத்தின் எழுத்தர். டாக்டர்களின் தொடர்புப் பட்டியலில் இவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆழ்வெட்டு போடச் சொன்னேன் என்றேனே, அதைப் போட்டவர் எங்கள் டெக்னீஷியன். மாலை நாலரைக்கு, திசு வெட்டும் கருவியான மைக்ரோடோமைத் துடைத்து மூடிய பிறகு. அந்தப் பெண் முதல் நாள் வந்தபோது அவருக்கும் வணக்கம் சொல்லி, மாதிரி எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடம்தான் முதலில் விசாரித்திருந்தாள். 'அந்த டாக்டரம்மா கேஸா? இன்றைக்கே போட்டுவிடுகிறேன்' என்றார். மறுநாளே விடை கிடைத்தது அதனால்தான்.

கடைசியாக விசிட்டிங் கார்டு. அடிக்காதீர்கள். இன்னும் ஒன்றரை வருடத்தில் அதிலிருக்கும் பதவி, மருத்துவமனை எல்லாம் மாறிவிடும். போஸ்டர் போட்டால் அதன் கீழ்மூலையில் உங்கள் மின்னஞ்சலை அச்சிடுங்கள், ஒரு க்யூஆர் கோடும் வையுங்கள்; வேண்டியவர் படம் எடுத்துக்கொள்வார். அந்த மின்னஞ்சல் உங்கள் நிறுவனம் கொடுத்ததாக மட்டும் இருக்க வேண்டாம். பயிற்சி முடிந்த சில நாளிலேயே பல இடங்களில் அதை மூடிவிடுகிறார்கள். போன வருடம் மாநாட்டில் நல்ல கேள்வி கேட்ட ஒருவருக்கு, எங்கள் துறையில் ஓர் இடம் காலியானதும் நானே எழுதினேன். 'இந்த முகவரி இயங்கவில்லை' என்று திரும்பி வந்தது. அவர் பெயரும் முதலெழுத்தும்தான் என்னிடம் இருக்கிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.